ஐம்பதை நெருங்கும்போது பழைய இலக்குப் பட்டியலை என்ன செய்வது?

நீங்கள் 30 வயதிலிருந்து ஒவ்வொரு பிறந்தநாளன்றும் அந்த ஆண்டுக்கான இலக்குகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறீர்கள். அடுத்த மாதம் 49 முடிகிறது. பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் உடல் எடையைக் குறைப்பது, ஓர் இசைக்கருவி கற்பது, இன்னொரு மொழி கற்பது, ஒரு புத்தகம் எழுதுவது ஆகிய நான்கும் ஏறக்குறைய எல்லா ஆண்டுகளிலும் இருக்கின்றன. இனியும் எழுதுவதில் பொருள் உண்டா, இல்லை இந்த வயதில் இலக்கு வைப்பதையே விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில், போகிறபோக்கில் சொல்வதுபோல, “பிறந்தநாள் வந்தாலே இப்போது கணக்குத் தணிக்கைக்கு ஆள் வருவதுபோல் இருக்கிறது” என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. இலக்கு வைக்கும் உத்திகளை நீங்கள் ஏற்கெனவே நிறையப் படித்திருப்பீர்கள். நிறைவேறாத ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வயதாவதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் உளவியல் ஆலோசகராக 23 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் 40 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்டவர்கள். அவர்களில் கணிசமானோர் ஒரு பிறந்தநாளை ஒட்டித்தான் முதல்முறையாக அழைக்கிறார்கள். இதை நான் எண்ணிக் கணக்கெடுத்ததில்லை, மனத்தில் பதிந்ததைச் சொல்கிறேன். கீழே எழுதுவதில் எது ஆய்வுகளில் நன்கு நிலைபெற்றது, எது இன்னும் விவாதத்தில் உள்ளது, எது என் அறையில் கண்டது மட்டும் என்பதைப் பிரித்துச் சொல்ல முயல்கிறேன். ஒரு பத்திக் கேள்வியை வைத்து ஒருவரின் வாழ்க்கையை எடைபோட முடியாது. ஆகவே உங்களுக்குப் பொருந்தாத இடங்களைத் தயங்காமல் தள்ளிவிடுங்கள்.

பிறந்தநாளன்று எழுதத் தோன்றுவது ஏன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மேன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவர் 2014இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றியது. உணவுக்கட்டுப்பாடு பற்றிக் கூகுளில் நடக்கும் தேடல்கள், ஒரு பல்கலைக்கழக உடற்பயிற்சிக்கூடத்தின் வருகைப் பதிவுகள், இணையத்தில் மக்கள் தமக்குத் தாமே செய்துகொள்ளும் உறுதிமொழிகள் ஆகியவற்றை அவர்கள் ஆராய்ந்தார்கள். வாரமோ மாதமோ ஆண்டோ புதிதாகத் தொடங்கும்போது இப்படிப்பட்ட முயற்சிகள் கூடின; பிறந்தநாளுக்குப் பிந்தைய நாள்களில் உடற்பயிற்சிக்கூடத்துக்கு வருவோரும் கூடினார்கள். 21ஆம் பிறந்தநாள் மட்டும் விதிவிலக்கு. அந்நாட்டில் மது அருந்தச் சட்டம் அனுமதிக்கும் வயது அது என்பதால், காரணத்தை ஊகிக்கப் பெரிய உளவியல் தேவையில்லை. ஆய்வாளர்கள் தந்த விளக்கம் எனக்கு ஏற்புடையது: இப்படிப்பட்ட நாள்கள் காலத்தில் ஒரு கோடு கிழிக்கின்றன, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தவறிய பழைய ஆள், இந்தப் பக்கம் நிற்பவர் புதிய ஆள் என்று மனம் பிரித்துக்கொள்கிறது. ஆகவே அன்று எழுத உட்கார்வதில் உங்கள் பலவீனம் எதுவும் இல்லை. பெரும்பாலான மனிதர்கள் அப்படித்தான் இயங்குகிறார்கள்.

ஆனால் கோடு கிழிப்பதால் கிடைக்கும் உந்துதல் தொடக்கத்துக்கு உதவுமே தவிர, தொடர்ந்து நடத்திச் செல்லாது. புத்தாண்டு உறுதிமொழி எடுத்த 200 பேரை ஜான் நார்கிராஸ் குழுவினர் பின்தொடர்ந்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் தாக்குப்பிடித்தவர்கள் 77 விழுக்காடு, இரண்டு ஆண்டுகள் கழித்தும் தாக்குப்பிடித்தவர்கள் 19 விழுக்காடு. அது புத்தாண்டைப் பற்றியது. பிறந்தநாள் உறுதிமொழிகளுக்கும் அதே எண்கள்தாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் சரிவின் போக்கு உங்கள் குறிப்பேட்டுக்கு அந்நியமாக இருக்காது. இதில் இன்னொரு நுட்பமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஹெங்சென் டாய் 2018இல் தனியாக வெளியிட்ட ஆய்வில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பதிவுகளைப் பார்த்தார். பருவத்தின் நடுவில் ஒரு லீக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்படும் ஆட்டக்காரருக்கு அந்தப் பருவத்தின் கணக்கு பூச்சியத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறது. அதுவரை சுமாராக ஆடியவர்கள் மாற்றத்துக்குப் பின் தேறினார்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்களோ சறுக்கினார்கள். புதிய தொடக்கம் எல்லாருக்கும் நல்லதன்று என்பதற்கு இது போதுமான சான்று. உங்கள் வாழ்க்கையில் இப்போது ஓசையில்லாமல் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும் ஏதாவது ஒரு பழக்கம் இருந்தால், மாலை நடையோ இரவு வாசிப்போ எதுவானாலும், அதைப் பிறந்தநாள் பட்டியலுக்குள் இழுத்து வந்து “இந்த ஆண்டு இன்னும் சிறப்பாக” என்று எழுதாதீர்கள். அதை அதன்போக்கில் விட்டுவிடுங்கள்.

அடுத்து 49 என்ற எண்ணைப் பற்றி. 29, 39, 49 என்று 9இல் முடியும் வயதுகளில் மனிதர்கள் வாழ்க்கையின் பொருளைப் பற்றி அதிகம் யோசிக்கிறார்கள் என்றும், முதல் முறையாக மாரத்தான் ஓடுபவர்களிடையே அந்த வயதினர் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக இருக்கிறார்கள் என்றும் ஆடம் ஆல்டரும் ஹால் ஹெர்ஷ்ஃபீல்டும் 2014இல் எழுதினார்கள். கேட்பதற்கு மிகவும் பொருத்தமாக இருப்பதால் இது வேகமாகப் பரவியது. ஆனால் பின்னர் கருத்துக்கணிப்புத் தரவை மறுபடி ஆராய்ந்தபோது 9இல் முடியும் வயதுக்கு அப்படியொரு தனித்தன்மை தெளிவாகத் தென்படவில்லை. எனவே இதை நான் ஐயத்துக்குரிய பகுதியில்தான் வைப்பேன். என் அறையில் 49 வயதினர் 47 வயதினரைவிடக் கூடுதலாகக் கலங்குவதாகத் தோன்றுவதுண்டு. அவர்கள் அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே உள்ளே வருவதால் எனக்கு அப்படித் தோன்றலாம். தமிழில் நாம் வயதை இரண்டு விதமாகச் சொல்கிறோம்: 49 முடிந்தது என்போம், அதே நாளில் 50 நடக்கிறது என்றும் சொல்வோம். ஒரே நாள், இரண்டு எண்கள். கையில் பத்து விரல்கள் இருப்பதால் பத்துப் பத்தாக எண்ணப் பழகிய ஓர் உயிரினம், அந்த எண்ணின் கடைசிச் சுழியத்தைப் பார்த்து அஞ்சுவது சற்று வேடிக்கைதான். உங்கள் உடலுக்கும் மனத்துக்கும் அந்த இரவில் குறிப்பாக எதுவும் நிகழ்வதில்லை.

இப்போது பட்டியலுக்கு வருவோம். தணிக்கைக்கு ஆள் வருகிறார் என்கிறீர்கள். யார் அந்தத் தணிக்கையாளர்? குறிப்பேட்டின் முதல் பக்கத்தை எழுதிய 30 வயதுக்காரர். அவர் உங்களைப் பற்றி எவ்வளவு அறிந்திருந்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஜோர்டி குவாய்ட்பாக், டேனியல் கில்பர்ட், திமதி வில்சன் ஆகியோர் 18 முதல் 68 வயது வரையுள்ள 19,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், கடந்த பத்தாண்டுகளில் தாம் எவ்வளவு மாறினோம் என்பதை ஒப்புக்கொள்பவர்கள்கூட, அடுத்த பத்தாண்டுகளில் தம் குணமும் விருப்பங்களும் மதிப்பீடுகளும் அவ்வளவு மாறாது என்றே கணித்தார்கள். இளையவர், மூத்தவர் இருவரிடமும் இந்தப் போக்கு இருந்தது. அதாவது 30 வயதில் நீங்கள் எழுதியபோது, 49 வயதில் இருக்கப்போகும் ஆள் ஏறக்குறைய நீங்களேதான் என்று நம்பி எழுதினீர்கள். அந்த நம்பிக்கை தவறியிருக்கிறது. இலக்கு தவறியது வேறு, இலக்கு வைத்தவரின் கணிப்பு தவறியது வேறு. இரண்டையும் ஒரே தோல்வியாக எழுதிவிடுகிறோம். இத்துடன், எந்த வயதில் எது நடந்திருக்க வேண்டும் என்று சமூகம் நமக்குள் பொருத்தி வைத்திருக்கும் கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. பெர்னிஸ் நியூகார்ட்டன் 1960களிலேயே இதைச் சமூகக் கடிகாரம் என்று பெயரிட்டு எழுதினார்: திருமணம், வேலை உயர்வு, ஓய்வு எல்லாவற்றுக்கும் ஒரு சரியான வயது உண்டென்று மனிதர்கள் நம்புகிறார்கள், அதற்கு முந்தினோமா பிந்தினோமா என்று தம்மைத் தாமே அளந்துகொள்கிறார்கள். உங்கள் நான்கு இலக்குகளில் எவை அந்தக் கடிகாரம் எழுதியவை, எவை நீங்கள் எழுதியவை என்பதை வெளியிலிருந்து நான் சொல்ல இயலாது.

அதைக் கண்டறிய நான் என் அறையில் பயன்படுத்தும் ஒரு வழி உண்டு. அது ஆய்வில் சோதிக்கப்பட்ட முறை அன்று. தமிழ் வினைச்சொல்லின் ஈறு தந்த வசதி, அவ்வளவுதான். இலக்கை இரண்டு விதமாக எழுதச் சொல்வேன். “நான் புத்தகம் எழுதியிருக்க வேண்டும்” என்று ஒரு முறை. “நான் எழுதிக்கொண்டிருக்க வேண்டும்” என்று இன்னொரு முறை. முதலாவதைப் படிக்கும்போது மனம் மலர்ந்து, இரண்டாவதைப் படிக்கும்போது சோர்ந்துபோனால், உங்களுக்கு வேண்டியது புத்தகத்தின் அட்டையும் அதில் உள்ள பெயரும். எழுதும் காலை நேரங்கள் அல்ல. அப்படி ஆசைப்படுவதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆசை உங்களை ஒருநாளும் நாற்காலியில் உட்கார வைக்காது, 19 ஆண்டுகளாக வைக்கவும் இல்லை. நீச்சல் கற்பதைப் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து எழுதிவந்த ஒருவரிடம், கற்று முடித்த மறுநாள் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, “பட்டியலிலிருந்து அடிப்பேன்” என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் அன்றே அடித்துவிட்டார்.

வயதாகும்போது இலக்குகளின் தன்மையே மாறுகிறது என்பது இத்துறையில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயங்களில் ஒன்று. நடாலி எப்னர், அலெக்சாந்த்ரா ஃபிராய்ண்ட், பால் பால்டஸ் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இளையவர்கள் புதிதாக எதையாவது அடைவதை நோக்கியே இலக்கு வைத்தார்கள். மூத்தவர்களிடம் இருப்பதைக் காப்பதும் இழப்பைத் தடுப்பதும் கூடுதல் இடம் பெற்றன. இருப்பதைக் காக்கும் இலக்குகள் மூத்தவர்களிடம் மனநலத்தோடு இணைந்தே காணப்பட்டன. இளமையில் எழுதத் தொடங்கிய குறிப்பேட்டில் காத்தல் என்பதற்குப் பெரும்பாலும் இடமே இருப்பதில்லை. முழங்கால் வலியின்றி மாடி ஏற முடிவது, ஒரு நட்பு 25 ஆண்டுகளாக முறியாமல் இருப்பது, சினம் வந்தபோது அடக்கிக்கொள்ளப் பழகியது இவையெல்லாம் ‘புதிதாக’ ஒன்றும் இல்லாததால் பட்டியலில் ஏறுவதில்லை. ஏறாததால் அவற்றைச் செய்ததாக நாம் உணர்வதும் இல்லை.

இதையொட்டி லாரா கார்ஸ்டென்சன் 1990களிலிருந்து வளர்த்துவந்த கருத்து ஒன்று உங்களுக்குப் பயன்படலாம். அரை மணி நேரம் ஓய்வு கிடைத்தால், நெருங்கிய ஒருவரோடு செலவிடுவீர்களா, அப்போது படித்து முடித்த நூலின் ஆசிரியரோடா, புதிதாக அறிமுகமான ஒருவரோடா என்று அவருடைய குழுவினர் கேட்டார்கள். மூத்தவர்கள் பெரும்பாலும் நெருங்கியவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இளையவர்களிடம் அந்தச் சாய்வு இல்லை. சுவையான பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. விரைவில் தொலைதூரத்துக்குத் தனியே குடிபெயரப்போவதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னபோது இளையவர்களும் மூத்தவர்களைப்போலவே தேர்ந்தெடுத்தார்கள். மருத்துவ முன்னேற்றத்தால் இன்னும் 20 ஆண்டுகள் கூடுதலாக வாழப்போவதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது மூத்தவர்களின் அந்தச் சாய்வு தளர்ந்தது. நம் தேர்வை மாற்றுவது நாம் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தோம் என்பதைக் காட்டிலும், இன்னும் எவ்வளவு காலம் இருப்பதாக உணர்கிறோம் என்பதே என்று அவர் வாதிட்டார். 49 வயதில் நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள்: புதியவற்றைத் தேடவும் காலம் இருக்கிறது, எல்லாவற்றையும் தேட இல்லை. உங்கள் பட்டியல் அந்த இரண்டாவது பாதியை இன்னும் ஏற்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எல்லாவற்றையும் தேட முடியாதபோது என்ன செய்வது என்பதற்குப் பால் பால்டஸும் மார்கரெட் பால்டஸும் 1990இல் ஒரு சட்டகத்தை முன்வைத்தார்கள்: சிலவற்றைத் தேர்ந்தெடுத்தல், தேர்ந்தெடுத்ததை மெருகேற்றுதல், இழந்ததை வேறு வழியில் ஈடுகட்டுதல். அவர்கள் விரும்பிக் காட்டும் சான்று பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன். 80 வயதைத் தொட்டபின்னும் எப்படி இவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் என்று கேட்டபோது, குறைவான உருப்படிகளையே வாசிப்பதாகவும், அவற்றையே அதிகம் சாதகம் செய்வதாகவும், வேகமான பகுதி வருவதற்குச் சற்று முன்பு வேண்டுமென்றே நிதானித்து வாசிப்பதால் அடுத்துவரும் பகுதி வேகமாகக் கேட்பதாகவும் அவர் விளக்கினார். மூன்றாவது தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. விரல்களின் வேகம் குறைந்ததை அவர் மறுக்கவும் இல்லை, மேடையை விட்டு இறங்கவும் இல்லை.

இனி, விட்டுவிடலாமா என்ற உங்கள் நேரடிக் கேள்வி. கார்ஸ்டன் ராஷும் உடன் ஆய்வாளர்களும் 2003 முதல் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். எட்ட முடியாத இலக்கிலிருந்து மனத்தையும் உழைப்பையும் மீட்டுக்கொள்ள முடிந்தவர்களுக்கு உளைச்சல் குறைவாக இருந்தது; வேறு ஒரு பொருளுள்ள இலக்கில் ஈடுபட முடிந்தவர்களுக்கு வாழ்வில் நோக்கம் இருப்பதான உணர்வு கூடுதலாக இருந்தது. இரண்டும் தனித்தனித் திறன்கள் என்பதைக் கவனியுங்கள். விடத் தெரிந்து, வேறொன்றைப் பற்றத் தெரியாதவர்களும் உண்டு. நான் அதிகம் பார்ப்பது இந்த இரண்டிலும் சேராத நிலையை: செய்வதும் இல்லை, விடுவதும் இல்லை, இலக்கு ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடக்கிறது. செய்தால் பலன் உண்டு, விட்டால் நிம்மதி உண்டு. கிடப்பில் போட்டால் ஆண்டுக்கு ஒருமுறை குற்றவுணர்ச்சி மட்டும் உண்டு. இங்கே நான் உங்கள் பக்கம் நின்று ஓர் எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1994, 1995 ஆண்டுகளில் எழுதியவற்றின்படி, அண்மைக் காலத்தை நினைக்கும்போது செய்த தவறுகள் அதிகம் உறுத்துகின்றன. நீண்ட வாழ்வைத் திரும்பிப் பார்க்கும்போது செய்யாமல் விட்டவையே அதிகம் உறுத்துகின்றன. அப்படியானால் விட்டுவிட்டபின் 70 வயதில் வருந்தமாட்டேனா என்று நீங்கள் கேட்கலாம். என் அனுபவத்தில், வருத்தம் நெடுங்காலம் தங்குவது ஒருமுறைகூட முயன்றுபாராத விஷயங்களில்தான். ஆறு மாதம் வயலின் வகுப்புக்குப் போய்விட்டு, இது எனக்கு ஒத்துவராது என்று நிறுத்தியவர்களில் யாரும் பின்னர் அதற்காக என்னிடம் கண்ணீர்விட்டதில்லை.

ஆகவே நான்கையும் ஒரே முடிவுக்கு உட்படுத்தாதீர்கள். எடை என்ற இலக்கைப் பிறந்தநாள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்பேன், ஏனெனில் அது உண்மையில் இலக்கு அன்று, ஒரு கருவி காட்டும் எண். 30 வயதைக் கடந்தபின் தசை மெல்லமெல்லக் குறைவது இயல்பு என்பதால், 49 வயதில் எடையைவிட வலிமையைக் காப்பதே முதன்மையானது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வளர்ந்தவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பையும், வாரத்தில் இரண்டு நாள்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. ஏதேனும் நோய் இருந்தால் எந்தப் பயிற்சி ஏற்றது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது என் துறை அன்று. மொழியைப் பொறுத்தவரை, புதியதைப் பிடிக்கும் வேகம் இருபதுகளைவிட இப்போது குறைந்திருக்கும், உச்சரிப்பு பிறவிப் பேச்சாளரைப்போல வாய்ப்பது அரிது. அதே சமயம் சொல்வளமும் உலக அறிவும் அறுபதுகள் வரைகூட வளரக்கூடியவை, அவை வாசிப்புக்குத் துணைநிற்கும். எனவே பேசுவதற்கா, படிப்பதற்கா என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். இசைக்கருவியையும் புத்தகத்தையும் மேலே சொன்ன ‘கொண்டிருக்க’ சோதனைக்கு உட்படுத்துங்கள். நான்கில் ஒன்று மட்டும் தேறினால் போதும். உண்மையைச் சொன்னால், ஒன்றுக்கு மேல் தேறினால்தான் எனக்குக் கவலை.

தேறிய ஒன்றுக்கு நாள், இடம், நேரம் மூன்றையும் குறித்து எழுதுங்கள். “இந்த ஆண்டு கற்பேன்” என்பதற்கும், “செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும், உடை மாற்றுவதற்கு முன் இருபது நிமிடம் வாசித்துப் பழகுவேன்” என்பதற்கும் பெரும் வேறுபாடு உண்டு. “இது நடந்தால் இதைச் செய்வேன்” என்ற வடிவில் திட்டமிடுவதைப் பீட்டர் கோல்விட்ஸரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்து 2006இல் மதிப்பிட்டார்கள். பலன் நடுத்தரத்துக்கும் மேற்பட்டதாக இருந்தது. இத்துறையில் இவ்வளவு திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்ட எளிய உத்தி வேறு அதிகம் இல்லை. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்ற பரவலான நம்பிக்கையை மட்டும் மறந்துவிடுங்கள். 1960இல் ஒட்டறுவை மருத்துவர் ஒருவர் தம் நோயாளிகள் புதிய முகத்தோற்றத்துக்குப் பழக எடுத்துக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொன்னது, வாய்வழியாகத் திரிந்து இப்படியாகிவிட்டது. பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலையை எட்ட எடுத்த காலத்தின் இடைநிலை 66 நாள்; ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை.

காலம் வேகமாக ஓடுவதாக எழுதியிருந்தீர்கள், அதைப் பற்றி ஒரு சொல். பத்து வயதுச் சிறுவனுக்கு ஓர் ஆண்டு வாழ்வின் பத்தில் ஒரு பங்கு, ஐம்பது வயதினருக்கு ஐம்பதில் ஒரு பங்கு, அதனால்தான் சுருங்கித் தெரிகிறது என்ற விளக்கத்தைப் பால் ஜானே 1877இலேயே சொல்லிவிட்டார். கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் அது விளக்கமாகுமா என்பது ஐயம். 14 முதல் 94 வயது வரையுள்ள 499 பேரிடம் மார்க் விட்மனும் சாண்ட்ரா லென்ஹோஃபும் கேட்டு 2005இல் எழுதியதில், கடந்த வாரம், மாதம், ஆண்டு எவ்வளவு வேகமாகப் போனது என்பதில் வயது காட்டிய வேறுபாடு மிகச் சிறிது. கடந்த பத்தாண்டுகளைக் கேட்டபோதுதான் ஓரளவு வேறுபாடு தென்பட்டது. குறிப்பேட்டை விரித்து வைத்துக்கொண்டு 19 ஆண்டுகளை ஒரே இரவில் பார்ப்பவருக்குக் காலம் பறந்ததாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

தணிக்கை என்று நீங்களே சொன்னதால் கேட்கிறேன்: உங்கள் கணக்கில் வரவுப் பக்கம் எங்கே? மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல், முதுமையில் மனிதர்கள் கடந்ததை மீண்டும் மீண்டும் நினைப்பது மனத் தளர்ச்சியின் அடையாளம் என்ற அன்றைய கருத்தை மறுத்து, அது வாழ்வை ஒழுங்குபடுத்திப் பார்க்கும் இயல்பான வேலை என்று எழுதினார். அதன் அடிப்படையில் பின்னாளில் உருவான வாழ்க்கை மீள்பார்வை முறைகள் முதியோரின் மனச்சோர்வைக் குறைக்க உதவுவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நான் அதைச் சற்று மாற்றி, குறிப்பேடு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேலை தருவதுண்டு: ஒவ்வோர் ஆண்டின் பக்கத்துக்கு எதிரேயும், அந்த ஆண்டு திட்டமிடாமல் நீங்கள் செய்தவற்றை எழுதுங்கள். 61 வயதில் ஒருவர் இப்படி எழுதி எடுத்துவந்தார். தொடர்ந்து ஆறு ஆண்டுகளின் இலக்குப் பக்கத்தில் எதுவும் நிறைவேறவில்லை. எதிர்ப்பக்கத்தில் ஆறு ஆண்டுகளுக்கும் ஒரே வரிதான் இருந்தது, படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்துக்கொண்டது. அந்த ஆறு ஆண்டுகளைத்தான் அவர் தம் வாழ்வின் வீணான காலம் என்று முதல் நாள் என்னிடம் சொல்லியிருந்தார். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துவிடுகிறேன். பிறந்தநாளை ஒட்டிச் சில நாள் மனம் கனப்பது பரவலானது, தானே தெளிவது. ஆனால் இரண்டு வாரங்களுக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் சோர்வாகவே கழிந்து, தூக்கமோ பசியோ கெட்டு, முன்பு பிடித்தவை எதிலும் நாட்டமில்லாமல் போனால், அது இலக்குகளைப் பற்றிய கேள்வியாக இருக்காது; மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் வேண்டாம், அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். உங்கள் எழுத்தில் அப்படிப்பட்ட குறி எதுவும் எனக்குத் தென்படவில்லை, என்றாலும் எழுத்து எல்லாவற்றையும் காட்டிவிடாது.

வரும் பிறந்தநாளன்று குறிப்பேட்டைத் திறப்பதாக இருந்தால், புதிய பக்கத்தில் எழுதுவதற்கு முன் பழைய பக்கங்களுக்கு எதிரே எழுதிவிடுங்கள். அதற்கே ஒரு மாலை முழுதும் ஆகும். அதன்பின் நான்கில் எதை விடுகிறீர்களோ அதைத் தேதி போட்டு அடியுங்கள், வெறுமனே அடுத்த பக்கத்தில் எழுதாமல் விட்டுவிடுவது போதாது. இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. நான்கையும் குறிப்பிட்ட நீங்கள், மொழியை மட்டும் எந்த மொழி என்று சொல்லவில்லை. இசைக்கருவியும் எதுவென்று சொல்லவில்லை. 19 ஆண்டுகளில் ஒருமுறையாவது பெயர் குறிப்பிட்டு எழுதியிருக்கிறீர்களா என்று அந்தப் பக்கங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.